பிராதில் எழுதிய பெயர்

வேல்விழிக்கு எதையும் எழுதி வைக்காமல் செய்யத் தெரியாது. ஆப்பிரிக்காவுக்கு நான்கு பெட்டி என்று முடிவானதும் நான்கு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் அந்தந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டினாள். மூன்றாவது பெட்டியின் பட்டியலில் பதினான்காவது வரி: தாளிப்பு வடகம், உருண்டை நாற்பத்தொன்று.

அந்த வடகத்தை உருட்டிய அன்றுதான் மோதிரம் காணாமல் போனது.

அது 2006, வைகாசி மாதம். அவள் கணவன் குருமூர்த்தி செராமிக் படிப்பு படித்து, விருத்தாசலத்திலேயே பதினோரு வருடம் சூளை பார்த்தவன். தான்சானியாவில் வாஷ்பேசின் செய்கிற ஒரு கம்பெனி அவனை ரெண்டு வருஷக் காண்ட்ராக்டில் எடுத்திருந்தது. குடும்பத்தோடு வரலாம், வீடு தருகிறோம் என்று கடிதத்தில் இருந்தது. வேல்விழியும் செராமிக்தான். ஆலடி ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், கரண்டு போர்டில் மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டைக்குப் பிசிர் சுரண்டுகிற வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கட்டையின் ஓரத்தில் நிற்கிற பிசிரைத் தகட்டால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, சூளைக்கு அடுக்க வேண்டும். ஒன்பது வருடமாக அந்த வேலையை ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தவள் ராஜம்மாள்.

ராஜம்மாளுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். படிப்பு கிடையாது. மகள் போடும் கடுதாசியைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் வேல்விழிதான். ஒன்பது நாள் வெயிலில் காய்ந்த வடகத்தை விளக்கெண்ணெய் விட்டுக் கடைசியாகப் பிசைந்து உருட்டுகிற அன்று, கூப்பிடாமலே வந்து முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னாடி வேலு, நாப்பது உருண்டையா? அங்க போயி கல்யாண மண்டபமா வெக்கப் போற?”

“ரெண்டு வருசத்துக்குக்கா. அந்த ஊர்ல சின்ன வெங்காயமே கெடைக்காதாம்.”

“வெங்காயம் இல்லாத ஊருன்னு ஒண்ணு இருக்குதா? குருமூர்த்தி தம்பிய நல்லா விசாரிச்சியா, நீ?” வாயில் ஒரு துணுக்குப் போட்டுப் பார்த்தாள். “உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதுடி.”

“இல்லக்கா, கணக்காத்தான் போட்டேன். எழுதி வெச்சிப் போட்டது.”

“எழுதி வெச்சா சரியாயிருமா?” என்றாள் ராஜம்மாள், உருட்டிக்கொண்டே.

சாயந்தரம் கை கழுவிவிட்டுப் பார்த்தால் விரலில் மோதிரம் இல்லை. நெளி மோதிரம், அரைப் பவுன். மங்கலம்பேட்டையில் தையல்கடை வைத்திருந்த அவள் அப்பா, அவள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தபோது செய்து போட்டது. அப்பா இப்போது இல்லை. விசாவுக்காக மெட்ராஸுக்கும் ஊருக்குமாக அலைந்ததில் வேல்விழி இளைத்துப்போய், மோதிரம் விரலில் லொடலொடவென்று சுற்ற ஆரம்பித்திருந்தது. ஆனால் அது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. களிமண்ணோ மாவோ எதில் கை வைத்தாலும் முதலில் மோதிரத்தைக் கழற்றி விளக்கு மாடத்தில் வைத்துவிடுவது அவள் பழக்கம். ஒன்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அதனால் அன்றும் வைத்தேன் என்று சத்தியம் செய்தாள். மாடத்தில் இல்லை. மாடத்துக்குக் கீழே இல்லை. பாய் உதறி, உமி சலித்து, சாக்கடை வரைக்கும் பார்த்தாயிற்று.

“அன்னிக்கு வூட்டுக்குள்ள வந்தது யாரு யாரு?” என்று கேட்டாள் நாத்தனார் பானுமதி.

வந்தது ராஜம்மாள் ஒருத்திதான்.

வேல்விழி நேரில் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளை எப்படிக் கேட்பது? கேட்பதற்குப் பதிலாக அந்த வெள்ளிக்கிழமை பானுமதியைக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூர் போனாள். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில், ஆளிடம் சொல்ல முடியாத வழக்கை சாமியிடம் பிராதாக எழுதிக் கொடுப்பார்கள். திருட்டு, துரோகம், ஏமாற்று, எதுவானாலும் எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வந்தால் மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடும் என்று நம்பிக்கை. காரியம் முடிந்த பிறகு, எழுதினவர் ராஜினாமா எழுதி வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் தாளைத் தொடையில் வைத்து நாலு வரி கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். வேல்விழி பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தபடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மனுதாரர் பெயர். ஊர். பொருள். விவரம். கடைசியில், எதிரி பெயர்.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். “பேரு நிச்சயமாத் தெரியலன்னா தெரியலன்னே போடும்மா. அவருக்குத் தெரியும்.”

தானே போட்ட கோடு காலியாக நிற்பதை வேல்விழியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினாள்: ராஜம்மாள், ஆலடி ரோடு, விருத்தாசலம்.

புறப்படுகிற அன்று காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ராஜம்மாள் வந்திருந்தாள். பஸ் ஏறினால் வாந்தி எடுக்கும் வேல்விழியின் ஆறு வயசு மகள் அல்லியின் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

“மோந்துகிட்டே போ கண்ணு. வேலு, போனதும் எனக்கு ஒரு கடுதாசி போடுடி. கோவிந்தராசு அண்ணன் படிச்சுக் காட்டுவாரு.”

கோவிந்தராசு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். வேல்விழி ஜன்னலுக்குள்ளிருந்து தலையை மட்டும் அசைத்தாள். மங்கலம்பேட்டையில் அப்பாவின் கடை இருந்த இடத்தில் யாரோ செல்போன் கடை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியதும் மகள் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். உளுந்தூர்பேட்டை வருவதற்குள் அல்லி ரெண்டு முறை வாந்தி எடுத்தாள்.

மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு ரயில். பம்பாயில் ஏஜெண்டு ஒரு முத்திரை பாக்கி என்று ரெண்டு நாள் ஒரு லாட்ஜில் போட்டு வைத்தான். விமான நிலையத்தில் மூன்றாவது பெட்டியைத் திறந்தார்கள். திறந்ததும் பின்னால் நின்ற வரிசை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது. அதிகாரி ஒரு உருண்டையைக் கையில் எடுத்து இந்தியில் ஏதோ கேட்டார்.

“மசாலா, மசாலா சார்” என்று குருமூர்த்தி எல்லா பாஷைக்கும் பொதுவாகச் சொன்னான்.

அதிகாரி அதை ரெண்டாக உடைத்தார். முகர்ந்தார். முகத்தைச் சுளித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மற்றதைக் கொண்டு போகச் சொன்னார். காது வரைக்கும் சுட, வேல்விழி குனிந்து பெட்டியை மூடினாள். விமானத்தில் உட்கார்ந்ததும் பட்டியலின் நகலில் நாற்பத்தொன்றை அடித்து நாற்பது என்று திருத்தினாள்.

நைரோபியில் மாறி, தார் எஸ் சலாமில் இறங்கி, கம்பெனி வேனில் மூன்று மணி நேரம் செம்மண் ரோட்டில் போனார்கள். ஊரை விட்டு ஏழாவது நாள். கடிதத்தில் சொன்ன வீடு இன்னும் கட்டி முடியவில்லை. “மூணு மாசம் மட்டும் இதுல இருங்க, தற்காலிகம்தான்” என்று மேனேஜர் ஒரு பூட்டைத் திறந்தார். அது கம்பெனியின் பழைய ஷோரூம். ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. சுவரில் வரிசையாகப் பதினோரு வாஷ்பேசின், ரோஸ், பச்சை, வெள்ளை. ஒன்றிலும் குழாய் கிடையாது.

“பதினொண்ணு இருக்குது, மூஞ்சி கழுவ ஒண்ணு இல்ல” என்று குருமூர்த்தி சிரித்தான்.

வேல்விழி கண்ணாடி முழுவதும் செய்தித்தாள் ஒட்டினாள். பேசின்களுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் போட்டு, ஒன்றில் துவரம்பருப்பு, ரெண்டில் புளி, மூன்றில் அல்லியின் பொம்மை என்று ஒதுக்கினாள். வடகப் பாத்திரத்துக்கு ஏழாவது. தெருவில் போகிற பிள்ளைகள் தாள் கிழிந்த இடத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்கள். கடைக்குள் விற்பனைக்கு வைத்த குடும்பம் மாதிரி இருந்தது. சமைக்கும்போதுகூட அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள். ஊருக்கு எழுதின கடிதங்களில் ‘கம்பெனி கொடுத்த பெரிய வீடு’ என்று எழுதினாள்.

ராஜம்மாளுக்கு எழுதவில்லை.

அந்த ஊரில் வீட்டுக்குத் தபால் வராது. கம்பெனிக்கு ஒரு பெட்டி எண், அதில்தான் எல்லாருக்கும் வரும். செப்டம்பர் மாதம் பானுமதியின் கடிதம் வந்தது.

‘அண்ணி, கொளஞ்சியப்பர் விசாரிச்சுட்டார். சரியாக மூணு மாசம். ராஜம்மாள் கம்பெனியில் தட்டு தூக்கிக்கொண்டு வரும்போது வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. எடுத்த கை எது என்று ஊருக்கே தெரிந்துபோச்சு. பிராது விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, பூக்காரம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். இப்போது அந்தப் பலகையில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. டிபன் டப்பாவை எல்லாம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.’

வேல்விழி அதை மூன்று முறை படித்தாள். “பாத்தீங்களா? நான் சும்மா எழுதுவேனா?” என்று கணவனிடம் தாளைக் காட்டினாள். அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தாள்.

“எதுக்கும்மா பாயசம்?” என்று அல்லி கேட்டாள்.

“சும்மாத்தான். குடி.”

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்குச் சாம்பார் தாளிக்க ஏழாவது பேசினிலிருந்து வடகம் எடுத்தாள். பட்டியல்படி அது ஆறாவது உருண்டை. ஒவ்வொன்றையும் பதினெட்டு இருபது நாளைக்கு வைத்துக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். அன்று விரலால் பிட்டபோது உருண்டைக்குள் ஏதோ தடுக்கியது. கல் என்று நினைத்து அழுத்தினாள். கரண்டியில் டங்கென்று விழுந்து, காய்ந்த எண்ணெய்க்குள் போனது.

எண்ணெய் பொரிந்து அடங்கின பிறகுதான் தெரிந்தது. நெளிவு நெளிவாக, நெளிவுகளுக்குள் வெந்தயமும் கடுகும் அடைத்துக்கொண்டு, அப்பாவின் மோதிரம்.

ஸ்டவ்வை அணைத்தாள். அவள் அன்று கழற்றவே இல்லை. மாடத்தில் வைக்கவே இல்லை. எண்ணெய்க் கையில் வழுகி உருண்டைக்குள் போய், உருண்டையோடு உருண்டு, வெயிலில் காய்ந்து, கடல் தாண்டி வந்திருக்கிறது. வாயில் இன்னும் அந்தப் பாயசத்தின் தித்திப்பு இருப்பதுபோல இருந்தது. போய்க் கொப்பளித்துத் துப்பினாள்.

மத்தியானம் சாப்பிட வந்த குருமூர்த்தி, விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“சரி வுடு. பானுவுக்கு எழுது. பொருள் கெடச்சிருச்சுன்னு ஒரு ராஜினாமா குடுத்துட்டு வரட்டும். முடிஞ்சுது.”

“பொருள் கெடச்சிருச்சுன்னு குடுத்தா ஊர்ல என்னா பேசுவாங்க? கை ஒடஞ்ச பயத்துல கொண்டாந்து குடுத்துட்டான்னு பேசுவாங்க. இப்ப சந்தேகம். அப்பறம் அதுவே சாட்சி.”

“அப்ப வடகத்துல இருந்துச்சுன்னு எழுது.”

“எழுதுவேன். ஒங்க தங்கச்சி பிராத மட்டும்தான் பூக்காரம்மாகிட்ட சொல்லும். இத அடுப்புல போடும்.”

அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். “ஒண்ணும் எழுதாத. ரெண்டு வருசம் போனா எல்லாரும் மறந்துருவாங்க. கேட்டா இங்க வாங்குன மோதிரம்னு சொல்லிக்க. இங்க யாரு வரப் போறா?”

“ரெண்டு வருசம் அது அந்தப் பலகையில தனியா உக்காந்திருக்கணுங்க.”

அவன் மேலும் சோறு கேட்கவில்லை.

மூன்று நாள் அவள் தாளும் கையுமாக உட்கார்ந்தாள். முதல் கடிதத்தில் ‘தாங்களும் அன்று உருட்டியதால் யார் உருண்டையில் போனது என்று தெரியவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். ரெண்டாவதில் பானுமதியின் பேச்சைக் கேட்டதாக எழுதியிருந்தாள். அதையும் கிழித்தாள். மூன்றாவதில் பாதி வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. ராஜம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் இவள்தான். இனி இந்தக் கடிதத்தை வேறு ஒருத்தர் வாயால்தான் ராஜம்மாள் கேட்க வேண்டும். ரகசியமாக மன்னிப்புக் கேட்க வழியே இல்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியில் ஒட்டின செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உறையின் மேல் கோவிந்தராசு பெயரையும் கம்பெனி முகவரியையும் எழுதினாள். உள்ளே முதல் தாளில், ‘ஐயா, இதை டீ நேரத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, ராஜம்மாள் அக்காவுக்கு உரக்கப் படிக்கவும்’ என்று எழுதினாள். இரண்டாம் தாள் இப்படி இருந்தது:

‘ராஜம்மாள் அக்காவுக்கு வேல்விழி எழுதிக்கொண்டது. என் மோதிரத்தை நீங்கள் எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. நான் அதைக் கழற்றாமல் பிசைந்தேன், அது வடகத்துக்குள் போய்விட்டது. இங்கே வந்து தாளிக்கும்போது கிடைத்தது. மாடத்தில் வைத்தேன் என்று நான் சொன்னது பொய். பொய் என்று தெரியாமல் சொன்ன பொய். கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் பெயரை எழுதியது நான். பெயர் எழுத வேண்டாம் என்று ஒருவர் சொல்லியும் எழுதினேன். நீங்கள் அல்லிக்குக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை மங்கலம்பேட்டை தாண்டி எறிந்தேன். உங்கள் கை ஒடிந்ததாகக் கடிதம் வந்த அன்று நான் பாயசம் வைத்தேன். நாங்கள் இருப்பது பெரிய வீடு இல்லை, ஒரு பழைய கடை. என்னை மன்னிக்க வேண்டும். ராஜினாமா எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். யாரையாவது விட்டுக் கட்டச் சொல்லி, அந்தப் பிராதை எடுத்துவிடவும்.’

தபாலில் போட்ட பிறகு ஐம்பத்திரண்டு நாள். நடுவில் பானுமதியிடமிருந்து ஒரு கார்டு மட்டும் வந்தது. ‘அண்ணி, இப்படிப் பண்ணிவிட்டீர்களே, என்னால் கடைத்தெருவுக்குப் போக முடியவில்லை.’ குருமூர்த்தி அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மோதிரம் பதினோராவது பேசினில், சோப்பு வைக்கிற குழியில் கிடந்தது. அவள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பரில், கோவிந்தராசுவின் சாய்ந்த கையெழுத்தில் பதில் வந்தது.

‘வேலுவுக்கு ராஜம்மாள் சொல்ல, கோவிந்தராசு எழுதுவது. உன் கடுதாசி வந்தது. டீ நேரத்தில் படித்தார். காதில் விழவில்லை, இன்னொரு தரம் படிங்க என்றேன். எனக்கு முதல் தரமே விழுந்தது. மற்றவர்களுக்கு நன்றாக விழட்டும் என்றுதான். எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்கள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான்தான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பிராது கட்டினது எனக்கு அப்போதே தெரியும். அந்தப் பூக்காரி நீ பஸ் ஏறும் முன்னாடியே என்னிடம் சொல்லிவிட்டாள். தெரிந்துதான் பழம் கொண்டுவந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்பாய் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

பாயசத்தை ஏன் எழுதினாய்? அதை எழுதாமல் இருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். எழுதிவிட்டாய்.

ராஜினாமா தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ கட்டினதை நீ வந்து எடு. நான் ஏன் போய் எடுக்க வேண்டும்? மன்னிப்பையும் தபாலில் வாங்கிக்கொள்ள மாட்டேன். ரெண்டு வருஷம்தானே, நான் இங்கேதான் இருப்பேன். கை கூடிவிட்டது. சுரண்ட வருகிறது, தட்டு தூக்க வரவில்லை. அல்லிக்கு எப்படி இருக்கிறது? வடகம் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே. உப்பு தூக்கல் என்று அன்றைக்கே சொன்னேன்.’

அடியில் ஒரு கைரேகை. மையில் விரல் கொஞ்சம் வழுகியிருந்தது.

வேல்விழி கடிதத்தை மடித்தாள். திரும்பி வந்த ராஜினாமாவை விரித்துப் பார்த்தாள். ஊருக்குப் போகிற அன்று எழுதிக்கொள்ளலாம் என்று, தேதி எழுதியிருந்த இடத்தை மட்டும் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். பிசிர் சுரண்டுகிற அதே கை. பிறகு அதை மூன்றாவது பெட்டி மூடியில், பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

ஏழாவது பேசினிலிருந்து ஒரு துணுக்கு வடகத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். ஆறு மாதமாகத் தின்கிற வடகம்தான். குருமூர்த்தி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“சாம்பார்ல உப்பு எப்பிடிங்க இருக்குது, இத்தினி நாளா?”

அவன் செருப்பை மாட்டினபடியே யோசித்தான். “கொஞ்சம் தூக்கல்தான். சொன்னா நீ எழுதி வெச்சதக் காட்டுவ.”

அவன் போன பிறகு ஒரு தாளை எடுத்தாள். ஸ்கேல் வைத்து வழக்கம்போலக் கோடு போட்டாள். ‘அக்காவுக்கு வேல்விழி எழுதிக்கொண்டது. உப்பு தூக்கல்தான்.’ அதற்குக் கீழே இருபது கோடு இருந்தது. அதில் எழுதக்கூடிய எதையும் தபாலில் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். வேல்விழி அந்தக் கோடுகளைக் காலியாகவே விட்டு, மடித்து, உறையில் போட்டாள்.